முப்பத்தெட்டுக் கல்லூரிகள்

"சார், இந்தக் கோகிலவாணி என் பட்டியலைக் கம்ப்யூட்டர்ல பூட்ட மாட்டேங்குறா."

அனுசுயா டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி வழிகாட்டும் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அதே வேலையைப் பதினெட்டு வருஷம் பார்த்தவர் ரஹ்மத்துல்லா சார். தன் குறையைப் போய்ச் சொல்ல அவளுக்கு அவரை விட்டால் ஆளில்லை.

"என்ன பட்டியல்?"

"இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு சார். முப்பத்தெட்டுக் காலேஜ். போன வருஷம் எது எந்தக் கட்-ஆஃப்ல முடிஞ்சுதுன்னு மூணு நாள் உட்கார்ந்து பார்த்து வரிசைப்படுத்தியிருக்கேன்."

சார் தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார்.

"பொண்ணு என்ன கேக்குது?"

"கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ், பயோமெடிக்கல். அதையும்தான் போட்டிருக்கேன், இருபத்தொன்பதாவதா. போன வருஷம் இவ மார்க்குக்கு ஒரு மார்க் மேலேயே முடிஞ்சுபோச்சு. கிடைக்காது சார்."

"முதல்ல?"

"பக்கத்து ஊர்க் காலேஜ், சிவில். அது நிச்சயம். கம்ப்யூட்டர் மேலேருந்துதானே பாக்குது? அப்போ கிடைக்கிறதைத்தானே மேல போடணும்?"

மூன்று நாள் கண்விழித்தவளின் கேள்வி. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றார் சார்.

"எங்க சார் சாப்பிடறது? அவ பூட்டினாலும் பூட்டாட்டியும் அஞ்சு மணிக்கு அதுவா பூட்டிக்கும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. கம்ப்யூட்டர் ரூம்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கா."

"மணி ரெண்டரைதானே. வாங்க."

பள்ளிக்கு எதிரே ஒரு மெஸ். உட்கார்ந்ததும் சார் கேட்டார்.

"என்ன சாப்பிடறீங்க?"

"பிரியாணின்னா நல்லாருக்கும். இந்நேரத்துக்கு எங்க இருக்கப்போகுது?"

சார் தலையாட்டினார். சப்ளையர் வந்தார்.

"எனக்குச் சாப்பாடு. டீச்சருக்கு முதல்ல தயிர் சாதம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா சாப்பாடு. அதுவும் இல்லைன்னா பிரியாணி."

அனுசுயா வாயைத் திறப்பதற்குள் சப்ளையர் உள்ளே போய்விட்டார்.

தயிர் சாதம் வந்தது. ஓரத்தில் ஊறுகாய்.

அனுசுயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைச் சார்மேல் காட்ட முடியுமா? சப்ளையர்மேல் காட்டினாள்.

"பிரியாணி தீர்ந்துபோச்சா?"

"ஒரு பிளேட் இருந்துச்சுங்க. இப்பதான் அந்த டேபிளுக்குக் கொடுத்தேன்."

அந்த மேஜைக்காரர் இவர்களுக்குப் பிறகு வந்தவர். எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு முன்னாடி நான்தானே வந்தேன்?"

"ஆமாங்க."

"அப்புறம் ஏன் எனக்குக் கொடுக்கல?"

சப்ளையர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் தயிர் சாதம் இருந்துச்சுங்களே."

சார் ரசத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அனுசுயா இலையையே பார்த்தபடி இருந்தாள். பிறகு அவளுக்குக் காதுவரை சூடேறியது. வெட்கம்தான், வேறென்ன. போனை எடுத்தாள்.

"கோகிலா, அழாத. அந்த வரிசையைக் கலைச்சிடு."

"எல்லாத்தையுமா மிஸ்?"

"எல்லாத்தையும். இப்போ சொல்லு, முதல்ல எதைப் போ..."

கேள்வி முடிவதற்குள் மறுமுனையிலிருந்து கோயம்புத்தூர் என்று பதில் வந்துவிட்டது.