முகம் விழாத மாணவர்

மதரஸாவில் எடுத்த முதல் படம் அது. பதினொரு மாணவர்கள், மடியில் ஓதுகிற கிதாபு. பத்துப் பேருக்கு மூக்கும் முழியும் அத்தனை தெளிவு. நடுவில் இருப்பவருக்கு மட்டும் இடுப்புக்கு மேலே வெறும் புகை.

அந்தப் புகைதான் சதக்கத்துல்லாவின் கொள்ளுத் தாத்தா.

கூட ஓதுகிற புகாரிக்கு அது போதாதா? "குர்ஆன் ஓத்து தங்குன முகத்துல ஒளி இருக்கும்டா. உங்க ஆளுக்கு முகமே தங்கலையே."

சதக்கத்துல்லா சிரித்து மழுப்புவான். சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. அடுத்த வாரம் பட்டமளிப்பு. படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டப் போகிறார்கள். ஊரே பார்க்கும்.

சாயங்காலம் அஸர் தொழுததும், ஓதிக்கொடுக்கிற மஹ்மூது ஹஜ்ரத்திடம் போனான். வேடிக்கை பார்க்கப் புகாரியும் பின்னாலேயே வந்தான்.

"ஹஜ்ரத், ஸ்டுடியோக்காரர் அந்த இடத்துல ஒரு முகம் வச்சுத் தர்றேங்கறார்."

"யார் முகம்?"

"என்னோடதுதான். சாயல் இருக்கும்ல."

"இப்ப இருக்கறதுக்கு என்ன குறை?"

சதக்கத்துல்லா தலையைக் குனிந்துகொண்டான். "அவருக்கு ஓத்து ஏறலைங்கறதுக்கு அடையாளம்னு சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் படுது."

ஹஜ்ரத் அவனை எதிரில் உட்காரச் சொன்னார்.

"அந்தக் காலத்துக் கேமராப் பெட்டி அது, வாப்பா. இருபது எண்ணி முடிக்கிறவரை அசையக் கூடாது. அசைஞ்சா புகைதான் விழும். நான் எண்ணுறேன். நீ குர்ஆன்ல யாஸீன் ஓது. அசையாம ஓதணும்."

அவன் தொடங்கினான். ஹஜ்ரத் கையிலிருந்த தஸ்பீஹ் மாலையில் மணி நாலு உருளவில்லை, உடம்பு தன்னால் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்துவிட்டது.

"ஆடுறியே."

மறுபடி தொடங்கினான். தோளை இறுக்கி, கல் மாதிரி இருந்தான். உடம்பு நின்றது. ஏழு வயசிலிருந்து ஓதுகிற ஆயத்து ஒரு வரி நடுவில் விட்டுப்போனது.

புகாரி சிரித்தான்.

"நீ வா," என்றார் ஹஜ்ரத்.

புகாரி ஆறாவது மணியில் ஆடினான். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் பத்துப் பேரு, ஹஜ்ரத்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நல்ல பிள்ளைங்க. அசையாதீங்கன்னு படம் எடுக்கறவர் சொன்னார், கேட்டுக்கிட்டாங்க."

சதக்கத்துல்லா நிமிர்ந்தான். "எங்க கொள்ளுத் தாத்தா மட்டும் கேக்கலையா?"

ஹஜ்ரத் தஸ்பீஹை மடித்து வைத்தார்.

"ஓதிக்கிட்டிருந்தவருக்கு அது காதுலயே விழல, வாப்பா."