கொக்கு காட்டிய வாடகையில்லா வளை

நெட்டைவாலன் என்ற வயல் எலிக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. குறுவை அறுவடை முடிவதற்குள் நான்கு வளை மாறிவிட்டது. பனந்தோப்பில் இருந்தால், மாந்தோப்பில் வாடகை குறைவாமே என்று ஓடும். மாந்தோப்புக்குப் போனால், வாய்க்கால் ஓரம் இன்னும் மலிவாமே என்று மூட்டை கட்டும். அதன் மனைவி பொட்டழகிதான் பாவம்! வயிற்றில் குட்டிகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஓடியது.

அலைந்து அலைந்து இரண்டும் ஓர் ஏரிக்கரைக்கு வந்தன. கரையிலிருந்த வளைகள் எல்லாம் ஒரு பெருச்சாளிக்குச் சொந்தம்.

"மேட்டுல இருக்கு, ஈரமே வராது. கொண்டு வர்ற நெற்கதிர்ல பாதி எனக்கு. சம்மதம்னா உள்ள வாங்க!" என்றது பெருச்சாளி.

"பாதியா! பகல் கொள்ளையா இருக்கே!" என்று குதித்தது நெட்டைவாலன்.

"என்னங்க, இன்னும் பத்து நாள்ல குட்டி பொறந்துடும். இங்கேயே இருந்துடலாமே" என்றது பொட்டழகி.

"நீ சும்மா இரு. இந்த இடம் இல்லேன்னா இன்னொரு இடம்!"

பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றிருந்த கொக்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. மெல்ல நடந்து வந்தது.

"தம்பி, வாடகையே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு. பாக்கிறியா?"

கொக்கு காட்டியது ஏரியின் உள்புறத்தை. மழை பெய்யாததால் ஏரி காய்ந்து கிடந்தது. பரந்த வெளி. அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று நெட்டைவாலனுக்குத் தோன்றவே இல்லை.

"இதைக் காட்டினதுக்கு உனக்கு என்ன தரணும் அண்ணே?"

"எனக்கு எதுக்குப்பா? நீங்க பிள்ளை குட்டியோட நல்லா இருந்தா அதுவே போதும்!" என்று சொல்லி எச்சிலை விழுங்கியது கொக்கு.

அன்றே இரண்டும் வளை தோண்டின.

"மண்ணெல்லாம் நத்தை ஓடா இருக்கே!" என்றது பொட்டழகி.

"முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"எதுக்குப் போனாங்க?"

நெட்டைவாலன் அதைக் காதில் வாங்காமல் தோண்டிக்கொண்டே போனது. அதன் நகம் ஏதோ கெட்டியான பொருளில் பட்டு நின்றது.

"யாரது, என் முதுகைப் பிராண்டுறது?" என்று ஒரு குரல் கேட்டது. மண்ணுக்குள் ஓர் ஆமை!

"எங்க வீட்டுல உனக்கென்ன வேலை?" என்று அதட்டியது நெட்டைவாலன்.

"உங்க வீடா! நான் பொறந்ததே இங்கதான். என்னைத் தூங்க விடு. தண்ணி வந்ததும் எழுப்பு!" என்று சொல்லிவிட்டு ஆமை மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

"கேட்டியா பொட்டழகி! தண்ணி கூட வீடு தேடி வருதாம்!" என்று நெட்டைவாலன் துள்ளியது.

பொட்டழகிக்கு மட்டும் மனசு நிலைகொள்ளவில்லை. புரண்டு புரண்டு படுத்தது. வெளியே போய் வானத்தைப் பார்த்தது. உள்ளே வந்து ஆமையைப் பார்த்தது.

"எழுப்பி என்ன ஏதுன்னு கேளுங்களேன்."

"எழுப்பாதே! எழுந்தா வாடகை கேக்கும்!"

ஐப்பசி பிறந்தது. இரண்டு குட்டிகளும் பிறந்தன. மறுநாள் நண்பகலில் வானம் கறுத்து மழை கொட்டியது. வாய்க்கால்கள் எல்லாம் ஏரிக்குள் பாய்ந்தன. வளைக்குள் தண்ணீர் புகுந்தது. கண் திறக்காத குட்டிகள் நனைந்து நடுங்கின.

நெட்டைவாலன் வெளியே எட்டிப் பார்த்தது. வாசலில் கொக்கு!

"வாங்க தம்பி, வாங்க! பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க!"

நெட்டைவாலனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பொட்டழகி ஓடிப்போய் ஆமையை உலுக்கியது.

"அண்ணே, தண்ணி வந்துடுச்சு! குட்டிங்களைக் காப்பாத்துங்க!"

ஆமை கண் விழித்துக் குட்டிகளைப் பார்த்தது. "என் வீட்டுல பொறந்ததுங்களா? நான் முன்னால போறேன். நீங்க ஆளுக்கொண்ணா கவ்விக்கிட்டு ஓடுங்க!"

ஆமை வாசலை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கொக்கு ஆத்திரத்தோடு கொத்தியது. டொக்! ஓட்டில் பட்டு அலகு வலித்தது. அந்த இடைவெளியில் இரண்டு எலிகளும் பாய்ந்தோடின. கொக்கு மறுபடியும் கொத்தியபோது பின்னால் ஓடிய நெட்டைவாலனின் வாலில் பாதிதான் அதற்குக் கிடைத்தது.

கரையில் பெருச்சாளி நின்றிருந்தது.

"ஒரே ஒரு வளைதான் மிச்சம். இப்ப வாடகை முக்கால் பங்கு. சம்மதமா?"

வாயில் குட்டியைக் கவ்வியிருந்ததால் நெட்டைவாலனால் பேரம் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனது.

ஓர் இடம் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதை, கூட்டி வந்து காட்டியவரிடம் கேட்காமல், அங்கேயே குடியிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.