மீன் தின்ற பூச்சி

நீலகிரி மேல்மலையில் ட்ரவுட் மீன் பிடிக்கும் சங்கம் ஒன்று இருந்தது. இறகில் கட்டிய பொய்ப்பூச்சியைத்தான் தூண்டிலில் மாட்டி வீச வேண்டும் என்பது அங்கே சட்டம். சித்திரையில் சீசன் தொடங்கிய அன்று காலை முழுக்க வீசியும் யாருக்கும் எதுவும் சிக்கவில்லை. தலைவர் சேதுரத்தினம் மட்டும் முழங்கை நீள மீனோடு கரையேறினார்.

"மழை வந்தாத்தான் மீன் கடிக்கும்னு சொன்னவன் எங்கேடா?" என்று காவலாள் போஜனைக் கூப்பிட்டார். "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள இதே அளவுல ஒண்ணு பிடிச்சுட்டு வா. இல்லேன்னா வேலையும் கிடையாது, வீடும் கிடையாது."

போஜன் மீனைப் பார்த்தான். வால் ஓரம் தேய்ந்து மொட்டையாக இருந்தது. ஓடையில் வளர்ந்த மீனுக்கு வால் அப்படித் தேயாது.

"கொண்டாறேனுங்க ஐயா. முதல் மீனோட வயித்தைக் கீறி, அது தின்ன பூச்சி மாதிரியே கட்டறதுதானுங்களே நம்ம வழக்கம்?"

"அதெல்லாம் சமையற்காரன் கீறிக்குவான்" என்றார் தலைவர். ஆனால் அந்தப் பூச்சியைத் தெரிந்துகொள்ள உறுப்பினர்கள் எல்லோரும் சூழ்ந்துவிட்டார்கள். செயலாளரே கத்தியை நீட்டினார்.

போஜன் கீறிய வயிற்றில் ஒரு பூச்சிகூட இல்லை. மீன்பண்ணைத் தொட்டியில் போடும் உருண்டைத் தீவனம் கைப்பிடியளவு இருந்தது. கையிலிருந்த கோப்பை சரிந்து தேநீர் பூட்ஸில் கொட்டுவதுகூடச் செயலாளருக்கு உறைக்கவில்லை.

போஜன் ஓர் உருண்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு இறக்கையுமில்லை, காலுமில்லை. என்னால கட்ட முடியாதுங்க. பண்ணையில ஐயாவுக்கு மீன் கொடுத்த ஆள் யாருன்னு சொல்லுங்க, சாப்பாட்டுக்குள்ள வந்துடறேன்."

"நீ எங்கேயும் போக வேண்டாம் போஜா" என்றார் செயலாளர். "தலைவரே, நீங்க கொஞ்சம் உள்ளே வாங்க."