வடக்குச் சுவரின் கோடுகள்

"என் மாடல்ல வேண்டாத கோடு ஒண்ணுகூட இல்லை மேடம். தேன்மொழியோட மாடல்ல நாலாயிரம் இருக்கு. அப்புறம் எப்படி அவங்களது தேர்வாச்சு?"

இதைக் கேட்க இளமாறன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தான். 

ஆர்க்கிடெக்ட் ஹபீபா டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"எண்ணிட்டீங்களா?"

"சாப்ட்வேரே எண்ணிச் சொல்லுது மேடம்."

ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாசிப்பறை. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இருவரும் ஆளுக்கொரு மாடலைக் கணினியில் கட்டிக் காட்டினார்கள். தேன்மொழியுடையதைப் பார்த்ததும் பள்ளிக்காரர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இளமாறனுடையதைப் பார்த்து, நீட்டாக இருக்கிறது என்றார்கள்.

அடுத்து ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். அது இருவரில் ஒருவர் கைக்குத்தான் போகும். இளமாறனுக்கு இப்போது கிடைத்த வேலையோ, தேன்மொழியின் மாடலில் கிடக்கும் கோடுகளை அழித்துச் சுத்தம் செய்வது.

அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஒரு கோடு பிசகினாலும், நீ எப்படி இங்கே வந்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். எதையும் தலைக்குள் முடிவு செய்த பிறகுதான் மவுஸைத் தொடுவான்.

தேன்மொழியின் அப்பா இன்ஜினியர். அவள் சும்மா கிறுக்கினாலே கட்டடமாகிவிடுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

ஹபீபா டம்ளரைக் கீழே வைத்தார். மற்றச் சுவர்களை ஒரே கிளிக்கில் சுத்தம் செய்துகொள்ளலாம், வடக்குச் சுவரை மட்டும் கையால் செய்ய வேண்டும் என்றார்.

"ஒவ்வொரு கோட்டையும் அழிக்கிறதுக்கு முன்னாடி, அதை ஏன் போட்டாங்கன்னு எழுதுங்க."

"அவங்ககிட்டயே கேட்டு எழுதலாமா?"

"கூடாது. பார்த்து எழுதுங்க."

வடக்குச் சுவரில் இருபத்தாறு கோடுகள்.

தேன்மொழி போகிற போக்கில் அவன் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ரொம்பக் கிறுக்கி வச்சிருக்கேன்ல? நல்லாத் திட்டிட்டே அழிங்க."

அவன் சிரித்து வைத்தான். அவளிடம் அந்தச் சிரிப்புகூடச் சுலபமாக வருவதாகத் தோன்றியது.

சாயங்காலம் தாளை நீட்டினான். இருபத்தாறு வரிகள். இருபத்தாறிலும் ஒரே வார்த்தை: கவனக்குறைவு.

ஹபீபா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் எவ்வளவு உயரத்துல இருக்கு?"

அவன் அளந்திருக்கவில்லை.

மறுநாள் அளந்தான். ஜன்னலின் அடிப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு படுக்கைக் கோடுகள். தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர். எழுபத்தைந்து. அறுபது. நாற்பத்தைந்து.

மற்றவை சாய்ந்த கோடுகள், நூல் மாதிரி மெல்லியவை. எல்லாம் அறைக்குள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பின. அந்தப் புள்ளியின் உயரம் அறுபத்தைந்து.

அறுபத்தைந்தில் என்ன இருக்கும்? மேசை இல்லை. அலமாரி இல்லை.

அவன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். டேப்பை எடுத்துத் தரைக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்தான். எண்பது. ஒரு குழந்தை உட்கார்ந்தால் அறுபத்தைந்து இருக்கும்.

மறுபடி திரையைப் பார்த்தான். அந்தக் கண்ணிலிருந்து கிளம்பிய கோடுகள் முதலில் சுவரில் முட்டி நின்றன. ஜன்னல் இறங்கியது. மறுபடி முட்டின. மறுபடி இறங்கியது. நாற்பத்தைந்துக்கு வந்த பிறகுதான் ஒரு கோடு ஜன்னலைத் தாண்டி, வெளியே நின்ற வேப்பமரத்தின் அடிவரை போனது.

இதுவரை அவளுடைய அதிர்ஷ்டத்தின் மேல்தான் பொறாமை. இப்போது அவளுடைய உழைப்பைக் கண்டதும் அது இன்னும் ஆழமாகப் போய்க் குத்தியது.

மூன்று கோடுகளை அழித்தான். நாலாவதையும் அழித்தான்.

நாலாவது வேண்டாத கோடு இல்லை. ஜன்னலின் அடிவிளிம்பே அதுதான். அது போனதும் அது தாங்கி நின்ற சுவரும் காணாமல் போனது. வடக்கே வெறும் வானம்.

அவன் உடனே திருத்தவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அன்டூ அழுத்தினான். சுவர் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை புதிதாக எழுதிய தாளோடு போய் நின்றான். நடந்ததை மறைக்காமல் சொன்னான்.

"சுவர் போனப்ப கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்துச்சு மேடம்."

ஹபீபா தலையை மட்டும் அசைத்தார். இருபத்தாறு வரிகளையும் நிதானமாகப் படித்தார். அவனுடைய வாசிப்பறையைத் திறக்கச் சொன்னார்.

திறந்தான். பளிச்சென்று இருந்தது. சுவரில் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே எதுவும் இல்லை.

"உங்க ஜன்னல் தரையிலேருந்து எவ்வளவு உயரம்?"

"தொண்ணூறு."

"ஏன்?"

"வழக்கமா தொண்ணூறுதானே மேடம்."

"எத்தனை தடவை வரைஞ்சீங்க?"

"ஒரே தடவை" என்றான். கல்லூரியில் இந்தப் பதிலுக்குத்தான் கைதட்டு வாங்கியிருக்கிறான். இப்போது சொல்லி முடித்ததும் காது சூடானது.

 திரையில் வெள்ளைச் சுவர் அப்படியே நின்றது. பொறுக்க முடியாமல் அவனே பேசினான்.

"காத்திருப்புக் கூடத்தைத் தேன்மொழிக்கே குடுத்துடுங்க மேடம்."

 இன்னமும் பொறாமையாகத்தான் இருந்தது.

ஹபீபா அவனுடைய மாடலை மூடினார்.

"திங்கட்கிழமை கூடத்தோட படம் எனக்கு உங்ககிட்டேருந்து வேணும்" என்றார். "சுத்தம் பண்ணாம கொண்டு வாங்க."