கொண்டியைத் தூக்க வேண்டியது யார்?

கைகாட்டி இறங்கினால்தான் வண்டி வரும், வண்டி வந்தால்தான் ஊருக்குப் பொழுது போகும் என்று இருந்த ஸ்டேஷன் நெட்டூரணி. அதன் ஸ்டேஷன் மாஸ்டர் தணிகாசலம் தங்கமான மனுஷர். மேலேயிருந்து எந்த உத்தரவு வந்தாலும் அதில் ஓர் எழுத்தைக்கூட வீணாக்க மாட்டார்.

ஒரு தடவை அங்கே பெரிய தகராறு வந்தது. பிளாட்பார பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆணியைத் தச்சு வேலை பார்க்கும் ஆவுடையப்பன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். ஆணி இரும்பு, இரும்பெல்லாம் என் பாத்தியதை என்று ஃபிட்டர் மதலைமுத்து தண்டவாளத்தின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். விசாரிக்க வந்த மேலதிகாரி, "அவனவன் வேலையை அவனவன் பாருங்கப்பா. அடுத்தவன் வேலையிலே கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் போய்விட்டார்.

அதற்கப்புறம் நெட்டூரணியில் ஒழுங்கு என்றால் அப்படியோர் ஒழுங்கு. போர்ட்டர் மூட்டையைத் தூக்குவார். இறக்குவதைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. கருவாட்டு வியாபாரி ஒருத்தரின் மூட்டையைத் தூக்கியவர், அதோடேயே வீட்டுக்குப் போய், அதோடேயே சாப்பிட்டு, அதோடேயே கோயிலுக்கும் போய் வந்தார். பின்னாலேயே போன வியாபாரிக்கும் நல்ல தரிசனம். மணி அடிக்கிறவர் லீவு போட்டால், தணிகாசலம் மணிக்குப் பக்கத்தில் போய் நின்று வாயாலேயே "டங், டங்" என்று சொல்வார். மணியைத் தொட்டால்தானே குற்றம்.

இப்படி இருக்கையில்தான் அவர் மகள் மங்கையைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. முன்னே ஒரு வரன், வண்டி கைகாட்டியிலேயே நின்றுவிட்ட கடுப்பில் அப்படியே திரும்பிப் போயிருந்தது. இந்தத் தடவை வண்டி ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்று தணிகாசலம் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்திருந்தார்.

சாயங்கால பாசஞ்சரில் மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும். தணிகாசலம் இஸ்திரி போட்ட சட்டையோடு லீவர் அறைக்குள் போய், கண்ணாடியில் தலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காற்று அடித்தது. கதவு படாரென்று சாத்திக்கொள்ள, வெளியே தொங்கிய கொண்டி தானாகவே நாதாங்கியில் விழுந்து மாட்டிக்கொண்டது. ஒரு விரலால் தூக்கினால் வந்துவிடும்.

ஆனால் யார் விரல்?

கைகாட்டியை இறக்குகிற பாயிண்ட்ஸ்மேன் வேலாண்டி வந்து பார்த்தார். கொண்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தணிகாசலம் ஜன்னல் கம்பி வழியாக, கொஞ்சம் கொண்டியைத் தூக்கிவிடேன் என்று கேட்டேவிட்டார். வேலாண்டி அவரை வருத்தத்தோடு பார்த்தார்.

"சார், நீங்களே இப்படிச் சொல்லலாமா? நான் லீவர் ஆள்."

தணிகாசலம் வெட்கிப்போனார். மகள் கல்யாண ஆசையில் புத்தி பிசகிவிட்டது. அவர் பக்கத்திலேயே லீவர் இருந்தது. பிடித்து இழுத்தால் கைகாட்டி இறங்கிவிடும். ஆனால் அது வேலாண்டியின் வேலை. எங்கே சபலத்தில் தொட்டுவிடுவோமோ என்று இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார்.

தூரத்தில் வண்டி வந்து நின்று கூவியது. 

ஃபிட்டரையும் தச்சரையும் ஆள் விட்டு அழைத்தார்கள். கொண்டி இரும்பு என்று மதலைமுத்து விரலை நீட்டிக்கொண்டு வந்தார். ஆவுடையப்பன் குறுக்கே நின்றார். கொண்டியைத் தூக்கினால் திறக்கப்போவது கதவு, கதவு மரம், ஆகவே தூக்குவது மரவேலை என்பது அவர் கட்சி.

"கொண்டியைக் கதவிலே அடிச்சிருக்கிற ஆணி யாருது?" என்று மதலைமுத்து கேட்டார்.

"ஆணி உன்னுது. ஆணி இறங்கியிருக்கிற ஓட்டை என்னுது."

"ஓட்டையிலே மரம் இல்லையே. மரம் இருந்தா அது எப்படி ஓட்டையாகும்?"

ஆவுடையப்பன் திகைத்துப்போய் யோசித்தார். உள்ளேயிருந்து தணிகாசலமும் யோசித்தார். வாஸ்தவமான கேள்விதான். ஓட்டை காற்றைச் சேர்ந்தது, காற்றுக்கு இந்த ஸ்டேஷனில் ஆள் போடவில்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னதும், இரண்டு பேருக்கும் மனசு ஆறிவிட்டது.

இதற்குள் பயணிகள் வண்டியை விட்டு இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தே வந்துவிட்டார்கள். அவர்களோடு வருங்காலச் சம்பந்தியும் வந்தார். மாப்பிள்ளையைப் பூ, பழத் தட்டுகளுக்குக் காவலாக வண்டியிலேயே உட்கார வைத்திருக்கிறாராம். தணிகாசலம் ஜன்னல் கம்பி வழியாகக் கும்பிட்டு, விஷயத்தை விவரித்தார். கூனிக் குறுகிப்போனார். போச்சு, இந்த வரனும் போச்சு.

சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டார். கொண்டியைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அடுத்தவன் வேலையிலே தலையிடாத குடும்பம் கிடைக்கிறது லேசா? எங்களுக்குப் பூரண சம்மதம். பெண்ணைப் பார்க்கிறது மட்டும் என் பையன் வேலை, அவன் வந்து பார்க்கட்டும்."

தணிகாசலத்துக்கு உள்ளேயே நாலு குதி குதிக்க வேண்டும் போல இருந்தது. இனி வண்டி வர வேண்டியதுதான் பாக்கி.

கடைசியில் ஆவுடையப்பனே ஒரு வழி கண்டுபிடித்தார். இரும்பைத் தொடாமல் மரத்தை மட்டும் எடுத்துவிடுவது. ரம்பத்தைப் போட்டுக் கொண்டியைச் சுற்றியும் கீல்களைச் சுற்றியும் பதமாக அறுத்தார். கதவு முழுசாகக் கீழே விழுந்தது. நிலையில் கொண்டி மட்டும் நாதாங்கியில் மாட்டினபடி தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் மெச்சிக்கொண்டது.

தணிகாசலம் திறந்த வாசலில் வந்து நின்றார். "வெளியே வரலாமா?"

"எப்படி சார் வருவீங்க? கொண்டி போட்டிருக்கே" என்றார் மதலைமுத்து.

அதுவும் சரிதான் என்று தணிகாசலம் உள்ளேயே நின்றார். மதலைமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, கொண்டியை ஒரு விரலால் தூக்கினார். தணிகாசலம் வெளியே வந்தார். வேலாண்டி உள்ளே போனார். லீவரை இழுத்தார். தூரத்தில் கைகாட்டி அழகாக இறங்கியது.

ஊரே பிளாட்பார ஓரத்தில் வரிசையாக நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தது. வண்டி அசையவில்லை. நேரம் போயிற்று. சம்பந்தி எட்டி எட்டிப் பார்த்தார். கூட்டத்தில் காக்கிச் சட்டையும் கழுத்தில் துண்டுமாக நின்ற ஒருத்தருக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"கைகாட்டி ஏன் இறங்கலைன்னு கேட்க அவ்வளவு தூரம் நடந்து வந்தேன். இப்ப இறங்கியாச்சு. இன்னும் வரக் காணோமே" என்று தணிகாசலத்திடம் முறையிட்டார்.

"நீங்க யாரு?"

"அந்த வண்டியோட டிரைவர்."

தணிகாசலம் அவர் தோளில் ஆதரவாகக் கையை வைத்தார். "கைகாட்டி இறக்குறது எங்க வேலை, இறக்கிட்டோம். வண்டியைக் கொண்டாந்து சேர்க்கிறது டிரைவர் வேலை. அதிலே நாம தலையிடக் கூடாது."

டிரைவரும் அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்து தண்டவாளத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.