பென்ஷனுக்கு ஓர் இடம்

தில்லைநாயகியிடம் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியை இயக்கக் கற்க வந்தவர்களில் மீசை நரைத்தவர் அருமைநாதன் ஒருவர்தான். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வங்கியில் யாராவது அதைச் சொல்லிச் சீண்டினால், "வித்தைக்கு ஏதுய்யா வயசு" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கோவைக் கிளை மையத்துக்குப் புது மெயின்ஃபிரேம் வந்து இறங்கியிருந்தது. அதன் பொறுப்பு அருமைநாதனுக்கா, வெளி ஆளுக்கா என்பது தில்லைநாயகியின் ஒரு சொல்லில் இருந்தது. மனுஷன் அதற்காக உயிரையே விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒற்றை ராட்சத இயந்திரத்தைப் சுவர் வைத்த அறைகள் போலப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் மெய்நிகர் கணினிகளைக் குடிவைக்க வேண்டும். சேமிப்பு, கடன், நகைக்கடன் என்று குடித்தனங்கள் பல. இருப்பதிலேயே பெரிய குடித்தனம் பென்ஷன்.

"எத்தனையா பிரிச்சீங்க சார்?" என்று கேட்டார் தில்லைநாயகி.

"எட்டு மேடம். பிரிவுக்கு ஒண்ணு. ஒண்ணு விழுந்தா ஏழு நிக்கும். எட்டு பிரிவுத் தலைவர்களுக்கும் திருப்தி." சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

தில்லைநாயகி சோதனை ஓட்டத்தைத் திறந்து, பென்ஷன் இருந்த பார்ட்டிஷனை நிறுத்தினார்.

"இது விழுந்துடுச்சு. பென்ஷனை வேற எதுலயாவது ஏத்துங்க."

அருமைநாதன் தேடினார். கடனில் கொஞ்சம் மெமரி சும்மா கிடந்தது. நகைக்கடனிலும் கொஞ்சம். ஏழையும் கூட்டினால் தாராளம்தான். ஆனால் ஒரு பார்ட்டிஷனின் மெமரியை இன்னொன்று தொட முடியாதே. அவ்வளவு பெரிய பென்ஷனுக்கு ஒன்றிலும் இடம் போதவில்லை.

"அப்போ பிரிக்காம ஒரே துண்டா விட்டுடலாமா மேடம்?"

"அது விழுந்தா பென்ஷன் எங்க போகும்?"

அவமானம் பிடுங்கித் தின்றது. எழுந்து போனார்.

மறுநாள் மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்தார். மூன்றிலும் வேண்டுமென்றே நிறைய இடத்தைக் காலியாக விட்டிருந்தார். எங்களுக்கென்று தனியாக இல்லையா என்று பிரிவுத் தலைவர்கள் ஃபோனில் எகிறினார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

தில்லைநாயகி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். எதை நிறுத்தினாலும் அதிலிருந்த குடித்தனங்கள் மற்ற இரண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன. சும்மா சொல்லக்கூடாது, அருமைநாதனுக்குத் தன் வேலை மேல் அப்படி ஒரு கர்வம் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பொது மேலாளர் உள்ளே வந்தார்.

"என்ன அருமைநாதன், கோவையில இது விழவே விழாதில்ல?"

தலையை ஆட்டிவிட்டால் போதும், பொறுப்பு கையில். அருமைநாதனுக்கும் அது தெரியும்.

"விழும் சார். என்னைக்காவது ஒண்ணு விழத்தான் செய்யும். பென்ஷன் மட்டும் தடைப்படாது."

பொது மேலாளரின் முகம் சுருங்கியது. தில்லைநாயகி பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, உங்க ஆள் இப்படிச் சொல்றார்?"

தில்லைநாயகிக்குப் பெருமை தாங்கவில்லை.

"இவரையே அனுப்புங்க சார். விழாதுன்னு சொல்லியிருந்தா, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."