திருகும் கை

"இந்தக் கை நிக்க மாட்டேங்குதுங்க, அம்மா."

சுந்தரவடிவேல் வலது கையை நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ முறுக்கிக்கொண்டே இருந்தன. அவர் முறுக்கவில்லை. அதுவாக முறுக்கியது.

கோயம்புத்தூரில் தண்ணீர்க் குழாய்க்கு வால்வு செய்கிற கம்பெனி அவருடையது. மலையடிவாரத்துச் சாமியம்மா அவரைவிட வயதில் சின்னவள். இவர் அவளுக்குப் பழைய சீடர். சீடர் என்றால், புதுக் கிளை திறக்கும்போதெல்லாம் ஆசி வாங்க வருவார், வாங்கியதும் கார் ஏறிவிடுவார். அவ்வளவுதான் அவர் ஞானம்.

எத்தனை ஆட்கள் இருந்தும், ஒவ்வொரு வால்வையும் அவரே ஒருமுறை திருகிப் பார்த்தால்தான் லாரி ஏறும். ஒருத்தரையும் நம்ப மாட்டார். மனுஷன் உழைக்க வேண்டியதுதான், அதற்காக இப்படிப் பேய் மாதிரியா?

எப்போதிருந்து இப்படி என்று சாமியம்மா கேட்டாள்.

ஆயுத பூஜையிலிருந்து என்றார். அன்றைக்கு லேத்திலிருந்து ஸ்பேனர் வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து ஆட்களை அனுப்பிவிட்டார். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் வரை யாரும் எடுக்கக் கூடாது. அது அவருக்குத் தெரியாததில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்து, பொழுது சாயும் வரை வெறும் கையால் வால்வுகளைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு சாமானையும் தொடலீங்க. கை மட்டுந்தான்."



டாக்டர் நரம்பெல்லாம் சரியாக இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்றாராம். ஓய்வா, எனக்கா என்று இவர் சிரித்துவிட்டு வந்தாராம்.

அந்தச் சிரிப்பு போன ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அசந்தார். பக்கத்தில் ஆறு வயது மகள் இதழினி படுத்திருந்தாள். தூக்கத்தில் கைக்கு அவள் சுண்டுவிரல் கிடைத்தது.

இறுகும் வரை கை அதை முறுக்கியது.

"அவ கத்தினது எனக்குக் கேக்கவே இல்லீங்க. இப்ப என்னைப் பாத்தாலே ரெண்டு கையையும் பாவாடைக்குள்ள ஒளிச்சுக்கறா."

அழுதார். கண்ணைத் துடைக்கவும் இடது கையைத்தான் எடுத்தார்.

"எம் புள்ளைய நான் மறுபடியும் தூக்கணுங்க, அம்மா."

சாமியம்மா எழுந்துபோய்ச் சந்தனக் கட்டையும் கல்லும் எடுத்துவந்தாள். அரைத்தாள். அவர் கையைப் பிடித்து ஒரு பலகைமேல் வைத்து, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை தடவினாள். குங்குமம் வைத்தாள். மேலே ஒரு செவ்வந்திப் பூ.

கை நின்றது.

சுந்தரவடிவேல் குனிந்து பார்த்தார். பலகைமேல் கிடந்தது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

"எப்ப எடுக்கலாமுங்க?"

"காயட்டும்."

சந்தனம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. டிரைவர் வாசலில் வந்து நின்று, லோடு நிற்கிறதாம், ஐயா வந்து பார்த்தால்தான் ஏற்றுவார்களாம் என்றான்.

சுந்தரவடிவேல் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. அசையவும் இல்லை. ஒரு நடை போய்த் திருகிப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று நினைத்தார். நினைத்தது மட்டுந்தான்.

மெல்லிய சத்தம் கேட்டது. இரண்டு விரலுக்கும் நடுவே சந்தனம் விரிசல் விட்டிருந்தது. பூ உருண்டு தரையில் விழுந்தது. கை முறுக்க ஆரம்பித்திருந்தது.

சாமியம்மா கல்லில் தண்ணீர் தெளித்து மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள்.

அவர் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார். பயமாக இருந்தது. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, லோடை ஆட்களே பார்த்து ஏற்றட்டும், இனி எப்போதும் அவர்களே பார்க்கட்டும் என்றார். காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்.

"நீங்க போகலையா?" என்றாள் சாமியம்மா.

"பாப்பா பயம் தெளிஞ்சு தானா வந்து இந்தக் கையைத் தொடட்டுங்க. அதுவரைக்கும் அரைங்க."